மலக்குடல் புற்றுநோய்: ‘உங்களுக்குச் சிரமமான அறுவை’ என்று மருத்துவர் சொன்ன பிறகு

57 வயதான வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். மலத்தில் பல மாதங்களாக ரத்தம் வந்திருக்கிறது. மூலம் என்று நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறார். கொலோனோஸ்கோப்பி செய்தபோது மலக்குடலில் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. உயரத்தில், முன்பக்கச் சுவரில் கட்டி இருக்கிறது. அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகள் சிலவற்றில் சந்தேகம் உண்டு. கல்லீரலிலும் நுரையீரலிலும் பரவல் இல்லை. ஐந்தரை வாரம் கதிர்வீச்சு, கூடவே கீமோதெரபி மாத்திரை, சில வார இடைவெளிக்குப் பின் லேப்ராஸ்கோப்பி முறையில் (வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் செலுத்தி) அறுவை சிகிச்சை என்று மருத்துவக் குழு திட்டமிட்டிருக்கிறது. அவருடைய உயரம் 166 செ.மீ., எடை 94 கிலோ. 12 ஆண்டுகளாக நீரிழிவு. நாளுக்குப் பத்து சிகரெட். 30 வயதில் குடல்வால் வெடித்து, நடுவயிற்றைத் திறந்து அறுவை செய்திருக்கிறார்கள்.

அறுவை நிபுணர் அவரைப் பரிசோதித்துவிட்டு, “உங்கள் உடலமைப்புக்கு இது சிரமமான அறுவையாக இருக்கும். லேப்ராஸ்கோப்பியில் தொடங்கினாலும் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வாசகருக்கு நிம்மதியில்லை. இதே நோய்க்கு இதே மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணி ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்கிறார். மருத்துவருக்கு அனுபவம் போதவில்லையா, ரோபோ இருக்கும் இடத்துக்குப் போகலாமா, மூன்று மாதம் தள்ளிப்போட்டு 15 கிலோ எடை குறைத்துவிட்டு வரலாமா, கதிர்வீச்சு உள்ளே எல்லாவற்றையும் இறுகச் செய்துவிடும் என்கிறார்களே, அறுவையை முதலில் முடித்துக்கொண்டு கதிர்வீச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்தடுத்துக் கேட்கிறார். “கடினம் என்றால் நோய் கைமீறிவிட்டது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாரா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். அறுவை கடினம் என்று அவர் சொன்னது நோயின் நிலையைப் பற்றியது அன்று. கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது, நிணநீர் முடிச்சுகள் எப்படி இருக்கின்றன, வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பவைதான் நோயின் நிலையைத் தீர்மானிக்கின்றன. உங்கள் மருத்துவர் பேசியது உங்கள் இடுப்பின் அளவையும் வயிற்றின் கொழுப்பையும் பற்றி. சிறிய கட்டியைக்கூடக் குறுகிய இடுப்புக்குள்ளிருந்து எடுக்கப் பெரும் பாடுபட வேண்டியிருக்கலாம்; அதைவிட வளர்ந்த கட்டி, அகன்ற இடுப்பிலிருந்து சிக்கலின்றி வந்துவிடலாம். உங்களுக்குத் தொலைவில் பரவல் இல்லை. உங்களைக் குணப்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு வகுக்கப்பட்ட திட்டம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்து, அந்த மருத்துவரைப் பற்றி. வயிற்றைத் திறக்க நேரலாம் என்று முன்கூட்டியே சொன்னதை அனுபவக் குறைவின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து எங்கே இடம் போதாது, எந்த இடத்தில் கை தடுமாறலாம் என்று முன்பே கணிக்கத் தெரிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். எல்லோருக்கும் ‘நான்கு துளைதான், ஐந்தாம் நாள் வீடு’ என்று சொல்பவரைப் பார்த்தால்தான் நான் கவலைப்படுவேன்.

சிரமம் எங்கிருந்து வருகிறது?

பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடல் ஏறக்குறைய 15 செ.மீ. நீளமுள்ளது. மற்ற குடல்களைப் போல அது வயிற்றுக்குள் தாராளமாக அசைந்துகொண்டிருப்பதில்லை. பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதி, இருபுறமும் இடுப்பெலும்பு, முன்னால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை, விந்துப்பைகள், ப்ராஸ்டேட் சுரப்பி என நாற்புறமும் அடைபட்ட குழிக்குள் இறங்கிக் கிடக்கிறது. அந்தக் குழி, புனலைப் போலக் கீழே போகப்போகக் குறுகுகிறது. உங்கள் கட்டி இருப்பது அந்தக் குறுகிய அடிப்பகுதிக்குப் பக்கத்தில்.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புறை உண்டு. புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகள் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் போதாது. அந்த உறை எங்கும் கிழியாமல், மலக்குடலோடு சேர்த்து ஒரே பொதியாக எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் அறுவை நிபுணர் பில் ஹீல்ட் 1982இல் இதை வலியுறுத்தி எழுதினார். இந்த முறை பரவிய பிறகுதான் இடுப்புக்குள் நோய் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. உறைக்கு வெளியே மெல்லிய இழைகளாலான ஓர் இடைவெளி இருக்கிறது. கருவி அதன் வழியாக மட்டுமே போக வேண்டும். சற்று உள்ளே போனால் உறை கிழிந்து புற்றுச் செல்கள் தங்கிவிடக்கூடும். சற்று வெளியே போனால் சிறுநீர் கழிப்பதையும் பாலுறவையும் ஆளும் நரம்புகள் அடிபடும். வெட்டிய விளிம்புக்கும் கட்டிக்கும் இடையே 1 மி.மீ.க்கு மேல் நோயற்ற திசு இருக்க வேண்டும் என்பது கணக்கு. எத்தனை நுட்பமான வேலை என்பது இதிலிருந்தே தெரியும்.

இப்போது அந்தப் பெண்மணியோடு உங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ணின் இடுப்புக் குழி பொதுவாக அகலமானது, ஆழம் குறைந்தது. ஆணுக்கு அது குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும். அவருடைய கட்டி எந்த உயரத்தில் இருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது, 12 செ.மீ. உயரத்தில் இருந்திருந்தால் அது வேறு அறுவை என்றே சொல்லலாம். ஒரே நோயின் பெயர், ஒரே மருத்துவர் என்பதற்காக இரண்டு அறுவைகள் ஒன்றாகிவிடுவதில்லை. (பெண்களுக்கும் பெரிய கருப்பை நார்க்கட்டி இருந்தால் இடம் அடைபட்டுச் சிரமம் வரும் என்பது வேறு கதை.)

உயரத்தோடு எடையை ஒப்பிட்டுச் சொல்லும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) உங்களுக்கு 34. முப்பதைத் தாண்டினால் உடல் பருமன் என்று வகைப்படுத்துகிறோம். ஆனால் அறுவை நிபுணரைத் திணறடிப்பது எடை எந்திரம் காட்டும் எண் அன்று. கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதுதான். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பால் துளை போடுவதில் சிறு தொல்லை உண்டு, அவ்வளவே. குடல்களைச் சுற்றி உள்ளே சேரும் கொழுப்புதான் பெரிய தடை. ஆண்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது. அப்போது மலக்குடலைச் சுற்றிய உறையே தடித்துப்போய் இடுப்புக் குழியை அடைத்துக்கொள்ளும். கருவியைத் திருப்பவே இடமிருக்காது. சிறுகுடலும் கொழுப்புத் திரையும் சரிந்து வந்து காட்சியை மறைக்கும். அவற்றை மேலே ஒதுக்குவதற்காகத் தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்புவோம். பருமனானவர்களுக்கு அந்த நிலையில் நுரையீரலும் இதயமும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் உங்கள் இதயத்தையும் மூச்சுத் திறனையும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

முன்பக்கக் கட்டி என்பது இன்னொரு சிரமம். பின்பக்கத்தில் உறை தடிமனாக இருக்கும். முன்பக்கத்தில் மிக மெல்லியது, அதை அடுத்து உடனே விந்துப்பைகளும் ப்ராஸ்டேட்டும் வந்துவிடும். பிழைக்கு இடமே இல்லாத பகுதி அது.

குடல்வால் அறுவையைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில், பட்டியலில் அதற்குக் கடைசி இடம். சீழ் பரவி வயிற்றைத் திறந்ததால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அவற்றைப் பிரித்தெடுக்க நேரமாகும், முதல் துளையைப் பழைய தழும்பிலிருந்து தள்ளிப் போட வேண்டியிருக்கும். ஒட்டுதல் மிகக் கடுமையாக இருந்தாலன்றி லேப்ராஸ்கோப்பியைக் கைவிட அதுவே காரணமாவதில்லை.

பாதியில் வயிற்றைத் திறந்தால்?

இதைத் தோல்வி என்று நினைக்கிறீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். கட்டி முழுமையாக, உறை கிழியாமல் வெளியே வருவதுதான் நமக்கு வேண்டியது. எந்த வழியாக வந்தது என்பது அதற்குப் பிறகுதான்.

பிரிட்டனில் 1996 முதல் 2002 வரை நடந்த ‘கிளாசிக்’ ஆய்வில், லேப்ராஸ்கோப்பியில் தொடங்கிய மலக்குடல் அறுவைகளில் 34 சதவீதம் திறந்த அறுவையாக மாற்றப்பட்டன. பிறகு 1,044 பேர் பங்கேற்ற ‘கலர் 2’ ஆய்வில் அது பாதியாகக் குறைந்து சுமார் 17 சதவீதமானது. அந்த ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குப் பின் இடுப்புக்குள் நோய் திரும்பியவர்கள் லேப்ராஸ்கோப்பி, திறந்த அறுவை ஆகிய இரண்டு பிரிவிலும் 5 சதவீதம்தான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2015இல் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்தும் வெளிவந்த இரண்டு ஆய்வுகளால், வெட்டியெடுத்த பொதியின் தரத்தில் லேப்ராஸ்கோப்பி திறந்த அறுவைக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. பின்னர் வந்த தொடர் கண்காணிப்பு முடிவுகளில் நோய் திரும்புவதிலோ உயிர் பிழைப்பதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும், சிரமமான இடுப்பில் லேப்ராஸ்கோப்பியைப் பிடிவாதமாகத் தொடரக் கூடாது என்ற எச்சரிக்கையை அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

திறந்த அறுவையாக மாறினால் வலி கூடும், காயம் ஆற நாளாகும், மருத்துவமனையில் சில நாட்கள் அதிகம் இருக்க நேரிடும், தழும்பில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் சற்று உயரும். பருமனும் நீரிழிவும் உள்ள உங்களுக்குக் காயத்தில் தொற்று வரும் அபாயம் உண்டு. இவை உண்மையான இழப்புகள்தான். சிறிதாக்கிக் காட்ட விரும்பவில்லை. ஆனால் மாற்றத்தில் இரண்டு விதம் உண்டு. இடம் போதவில்லை என்று கண்டதும் நிதானமாக முடிவெடுத்துத் திறப்பது ஒன்று. மணிக்கணக்கில் போராடி, ரத்தம் பீறிட்ட பிறகு வேறு வழியின்றித் திறப்பது மற்றொன்று. முதல் விதத்தில் பாதிப்பு குறைவு. ஆகவே “எப்படியாவது லேப்ராஸ்கோப்பியிலேயே முடித்துவிடுங்கள்” என்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் இரண்டு வழிக்கும் சம்மதம் தெரிவித்து, முடிவை மேசையருகே நிற்பவரிடம் விட்டுவிடுங்கள்.

கதிர்வீச்சைத் தள்ளிப்போட வேண்டாம்

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இந்தப் பகுதிதான். கதிர்வீச்சுக்குப் பிறகு திசுக்கள் வீங்கும், பின்னர் நார்த்தன்மை ஏறி இறுகும் என்று உங்களிடம் யாரோ சொன்னது பொய்யன்று. இயல்பான இடைவெளி மங்கிப்போய், பிரித்தெடுப்பது சிரமமாகலாம். அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறானது.

தென் கொரியாவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். நடு, கீழ் மலக்குடலில் கட்டி இருந்த 340 பேர். எல்லோருமே கதிர்வீச்சும் கீமோதெரபியும் முடித்துவிட்டு வந்தவர்கள். லேப்ராஸ்கோப்பி பிரிவில் திறந்த அறுவையாக மாறியது 1.2 சதவீதம் மட்டுமே. அந்த நோயாளிகளின் சராசரி உடல் நிறை எண் 24 அளவில்தான் இருந்தது, அறுவை செய்தவர்களும் மிகத் தேர்ந்தவர்கள். எனவே அந்த எண் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கதிர்வீச்சு ஒன்றே லேப்ராஸ்கோப்பியின் கதவை அடைத்துவிடுவதில்லை என்பது தெளிவு.

அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சை வைத்துக்கொள்ளலாமே என்ற கேள்விக்கும் விடை ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. 2004இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், முன்பே கதிர்வீச்சும் கீமோதெரபியும் பெற்றவர்களில் 6 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இடுப்பில் நோய் திரும்பியது; அறுவைக்குப் பின் பெற்றவர்களில் 13 சதவீதம். பக்கவிளைவுகளும் முன்பே பெற்றவர்களுக்குத்தான் குறைவு. மருத்துவருக்குச் சிரமம் குறையட்டும் என்று நினைத்து உங்கள் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சிரமத்தைச் சமாளிப்பது அவருடைய வேலை.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கதிர்வீச்சும் கீமோதெரபியும் முடிந்து சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், கட்டி சுருங்கி முன்பக்க விளிம்பிலிருந்து விலகியிருக்கலாம். சிலருக்குக் கட்டி தென்படாமலே போய்விடுவதும் உண்டு. அப்படி முழுமையாக மறைந்தவர்களில் சிலரை, அனுபவமுள்ள மையங்களில், உடனே அறுவை செய்யாமல் அடிக்கடி பரிசோதித்துக் கண்காணிக்கிறார்கள். இதை நம்பிக் காத்திருக்கச் சொல்லவில்லை. இடைவெளிக்குப் பின் மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுத்துத் திட்டத்தைப் பரிசீலிப்பார்களா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட மூன்று மாதம்

எடை குறைக்க மூன்று மாத அவகாசம் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்தரை வாரக் கதிர்வீச்சு, அதன் பின் ஆறு முதல் பன்னிரண்டு வார இடைவெளி. சிகிச்சையை ஒரு நாள்கூடத் தாமதிக்காமலே ஏறக்குறைய அந்த மூன்று மாதம் உங்கள் கையில் வந்துவிடுகிறது. எதையும் தொடங்காமல் வீட்டில் உட்கார்ந்து எடை குறைப்பதுதான் ஆபத்து. கட்டி உங்களுக்காகக் காத்திருக்காது.

ஆனால் 15 கிலோ என்ற இலக்கை விட்டுவிடுங்கள். பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். சிகிச்சைக் காலத்தில் தசை கரைந்தவர்கள் அறுவைக்குப் பின் மெல்லத்தான் தேறுவார்கள். புரதம் குறையாத உணவும், உணவியல் நிபுணர் கண்காணிப்பில் சில கிலோ குறைப்பும், தினமும் மூச்சு சற்று வாங்கும் அளவு நடையும் போதும். கதிர்வீச்சின் கடைசி வாரங்களில் களைப்பும் வயிற்றுப்போக்கும் வந்தால் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள்.

எடையைவிட உங்களுக்குக் கூடுதல் பலன் தரக்கூடியது சிகரெட்டை விடுவது. உங்கள் நீண்ட கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். குடலை வெட்டி மீண்டும் இணைக்கும் இடத்தில் கசிவு ஏற்படுவதுதான் இந்த அறுவையில் நாங்கள் மிகவும் அஞ்சும் சிக்கல். ஆணாக இருப்பது, இணைப்பு மிகத் தாழ்வாக அமைவது, பருமன், புகைப்பழக்கம் ஆகிய எல்லாமே அந்த அபாயத்தை உயர்த்துபவை. இவற்றில் முதல் இரண்டை உங்களால் மாற்ற முடியாது. சிகரெட்டை இன்றே விட முடியும். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பாவது விட்டிருக்க வேண்டும். உங்களுக்கு அதைவிட அதிக நாள் இருக்கிறது. தனியாக முடியவில்லை என்றால் நிக்கோடின் மாற்றுச் சிகிச்சையைப் பற்றிக் குழுவிடம் கேளுங்கள்.

நீரிழிவு, அறுவையின் நுட்பத்தைக் கடினமாக்குவதில்லை. காயம் ஆறுவதைத்தான் பாதிக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 8 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை மருத்துவர்கள் பலர் விரும்புகிறார்கள். பல மாதம் ரத்தம் போயிருப்பதால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் இரும்புச்சத்து ஏற்றிச் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

ரோபோ

ரோபோ தானாக அறுவை செய்வதில்லை; அறுவை நிபுணர்தான் அதை இயக்குகிறார். அதன் கருவி முனைகள் மணிக்கட்டைப் போல வளையும். குறுகிய இடுப்பில் அது உதவக்கூடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பத்து நாடுகளில் 471 பேரை வைத்து நடத்தி 2017இல் வெளியான ‘ரோலார்’ ஆய்வில், திறந்த அறுவையாக மாறியது லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1 சதவீதம். அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதாக இல்லை. ஆண்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது ரோபோவுக்குச் சற்று சாதகமாகத் தெரிந்தது. அதையும் உறுதியான முடிவாகக் கொள்ள முடியாது. உங்கள் குழுவிலேயே ரோபோவில் நிறையச் செய்தவர் இருந்தால் தாராளமாக யோசியுங்கள். இயந்திரத்துக்காக, மலக்குடல் அறுவையில் கைதேர்ந்த ஒருவரை விட்டுவிட்டுப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, எம்.ஆர்.ஐ. படங்களையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், எந்த நல்ல மருத்துவரும் அதற்காக வருந்த மாட்டார். கதிர்வீச்சு நடக்கும் வாரங்களிலேயே அதைச் செய்துமுடிக்கலாம்.

நீங்கள் கேட்காதவை

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இல்லை. முதலாவது, ஸ்டோமா. இத்தனை தாழ்வான இணைப்பு ஆறும்வரை, சிறுகுடலை வயிற்றின் மேல் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, மலத்தைப் பையில் சேகரிக்கும் ஏற்பாடு உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படும். இரண்டு மூன்று மாதங்களில், அல்லது கூடுதல் கீமோதெரபி தேவைப்பட்டால் அது முடிந்த பின், மூடிவிடுவார்கள். பருத்த வயிற்றில், மடிப்பு விழும் இடத்தில் அது அமைந்துவிட்டால் பை ஒட்டாமல் தொல்லை தரும். ஆகவே அறுவைக்கு முன்பே நீங்கள் உட்கார்ந்தும் நின்றும் குனிந்தும் பார்த்து, இடத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகும் பல மாதங்களுக்கு அடிக்கடி மலம் வருவதும் அவசரமும் இருக்கலாம்.

இரண்டாவது, பாலுறவும் சிறுநீரும். முன்பக்கக் கட்டி, குறுகிய இடுப்பு, கதிர்வீச்சு மூன்றும் சேரும்போது விறைப்புத்தன்மை குறைவதும் சிறுநீர் கழிப்பதில் தடையும் வரக்கூடும். நீரிழிவால் உங்களுக்கு ஏற்கெனவே ஏதேனும் குறை இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் மாற்றம் எதனால் வந்தது, எந்த மருந்து உதவும் என்று தீர்மானிக்க அது தேவை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• ஆண்டுக்கு எத்தனை மலக்குடல் புற்றுநோய் அறுவைகள் செய்கிறீர்கள், அவற்றில் எத்தனை திறந்த அறுவையாக மாறுகின்றன?

• எம்.ஆர்.ஐ.யில் கட்டிக்கும் உறையின் விளிம்புக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது?

• எந்தக் கட்டத்தில் திறந்த அறுவைக்கு மாறுவதாக முடிவெடுப்பீர்கள்?

• எனக்குத் தற்காலிக ஸ்டோமா தேவைப்படுமா, அது நிரந்தரமாகிவிடும் வாய்ப்பு எவ்வளவு?

உங்கள் மனைவியிடம் ‘சின்ன அறுவைதான்’ என்று மட்டும் சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பை மாற்றுவதிலிருந்து இரவில் உங்களுக்குத் துணையிருப்பதுவரை எல்லாவற்றிலும் பங்கெடுக்கப் போகிறவர் அவர். மருத்துவர் சொல்வதை நேரில் கேட்கவும் தன் சந்தேகங்களைக் கேட்கவும் அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். கதிர்வீச்சுக்கான முதல் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி நீங்கள் ஏற்கெனவே கேட்டிருந்தால், இதைப் படித்தவுடன் தொலைபேசியில் அழைத்துப் பழைய தேதியையே உறுதிசெய்துகொள்ளுங்கள்.